சின்ன ரிவால்வருக்கு உறை: எதை வாங்குவது, இடுப்பில் எங்கே கட்டுவது

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. நகைக்கடை முதலாளி, செம்பனைக் குலை வாங்கி விற்கும் வியாபாரி, பணம் கொண்டுபோகும் வேலையில் இருக்கும் துணைப் போலீஸ்காரர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆள் குறைவு என்பதால் புதிதாக வருபவருக்கு உட்கார்ந்து சொல்லித்தரவும் யாரும் கிடைப்பதில்லை. இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கர்கள் தங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது. அவர்களுடைய காரில் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஜாக்கெட் போட்டுக்கொள்ளும் குளிர் அவர்களுக்கு உண்டு. நாம் சட்டை நனைய வியர்த்துக்கொண்டு கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அதனால் அங்கே சரியாக இருப்பது இங்கே பல நேரம் ஒத்துவராது.

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த உறையில இருந்து வேகமா எடுக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். துப்பாக்கியை வெளியே எடுக்க வேண்டிய நாள் உங்கள் ஆயுசில் வராமலே போகலாம், வராமலே போகட்டும். ஆனால் அது இடுப்பில் இருக்கும்போதுதான் நீங்கள் லோரியில் ஏறி இறங்குவீர்கள், மோட்டார் ஓட்டுவீர்கள், குத்தவைக்கும் கழிவறையில் உட்காருவீர்கள், கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுப்பீர்கள். இத்தனைக்கும் நடுவில் விசையை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் ட்ரிகரை, எதுவும் தொடக்கூடாது, துப்பாக்கி நழுவக்கூடாது, இன்னொருவர் கை அதில் படக்கூடாது. உறையின் வேலை இதுதான். இதை ஒழுங்காகச் செய்யும் உறைகளைப் பொறுக்கிய பிறகு, அவற்றுக்குள் எது வேகம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் லைசென்ஸ் தாளைப் படியுங்கள்

நம் ஊரில் ஆயுதம் லேசான சங்கதி இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்து இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அதே 1960-இல் வந்த ஆயுதச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதற்கு மேல், கூடுதல் தண்டனைக்கென்றே 1971-இல் தனியாக ஒரு சுடுகருவிச் சட்டம் வந்தது. அதன்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும்.

ஆகவே உறை வாங்கப் போவதற்கு முன்னால் லைசென்ஸில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, எந்த வேலைக்கு, எங்கே கொண்டுபோகலாம் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். சட்டைக்குள் மறைத்துக் கட்டலாமா, வெளியே தெரியக் கட்ட வேண்டுமா என்பதில் சந்தேகம் இருந்தால் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு வாருங்கள். நண்பர் சொன்னார் என்பது பதில் ஆகாது.

துணைப் போலீஸ் சீருடையில் இருப்பவருக்கு உறை கம்பெனி கொடுப்பதுதான். அதை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனாலும் கொடுத்த உறை கொடுத்த துப்பாக்கிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னது இரண்டு நாளில் மறந்துபோகும்.

இன்னொன்று. அளவெடுத்து உறை தைப்பதற்காகத் துப்பாக்கியைத் தோல் கடையில் விட்டுவிட்டு வரவே கூடாது. லைசென்ஸ் உங்கள் பெயருக்கு மட்டும்தான்.

கையில் இருப்பது என்ன துப்பாக்கி?

சின்ன ரிவால்வர் என்று பொதுவாகச் சொல்வது ஏறக்குறைய இரண்டு அங்குலக் குழல் உள்ள, .38 ஸ்பெஷல் என்னும் தோட்டா போடும் வகையை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ஜே பிரேம் என்னும் சின்ன உடல் வரிசை இதில் பிரபலம். 1950-இல் வந்த மாடல் 36 அந்த வரிசையில் முதலாவது. கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் அதற்கும் மூத்தது, 1927-இல் வந்தது. ரூகர் எல்சிஆர், டாரஸ் 85 எல்லாம் பிற்காலத்தவை.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உறை விஷயத்தில் ஒன்று இல்லை. ஜே பிரேமில் 5 தோட்டா, டிடெக்டிவ் ஸ்பெஷலில் 6. ஒரு தோட்டா கூடினால் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளை, பருமனும் கூடும். ஒன்றுக்கு அச்சில் வார்த்த உறையில் மற்றொன்று இறங்காது, அல்லது இறங்கி ஆடும். "சின்ன ரிவால்வர் எல்லாவற்றுக்கும் ஏற்றது" என்று எழுதி விற்கும் உறையை வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துவது உங்களுடையதை இறுக்கிப் பிடிக்காது.

அடுத்து ஹேமரைப் பாருங்கள், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல் பாகத்தை. பின்னால் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது சட்டையிலும் பாக்கெட் ஓரத்திலும் மாட்டும். அதற்குக் கட்டைவிரலால் திறக்கும் வார் வைத்த பெல்ட் உறை ஏற்றது. ஹேமர் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும் வகை என்றால் பாக்கெட் உறையையும் யோசிக்கலாம்.

பழைய ரிவால்வர் கைக்கு வந்திருந்தால், கீழே விழுந்தாலும் வெடிக்காமல் தடுக்கும் பாகம் உள்ளே இருக்கிறதா என்று துப்பாக்கிக் கடைக்காரரிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் ஒரு ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்தத் தடுப்பை மாற்றி அமைத்தது. அதற்கு முந்திய துப்பாக்கி என்றால் உறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை இடுப்பில் கட்டலாமா என்பதையே முடிவு செய்ய வேண்டும்.

கடையில் உறையைக் கையில் வாங்கியதும்

விசை வளையம் முழுவதும் மூடியிருக்கிறதா? இதுதான் முதல் பார்வை. பழைய பாணி உறைகளில் விசை வெளியே தெரிய வெட்டி வைத்திருப்பார்கள், எடுக்கும்போது விரல் நேராக அதில் போகட்டும் என்று. அப்படிப்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரிவால்வரின் விசையை முழு இழுப்பாக இழுக்க ஏறக்குறைய ஐந்து கிலோ பலம் வேண்டும், அது போதும் என்று சிலர் வாதம் செய்வார்கள். மோட்டாரில் இருந்து விழும் உடம்பின் கனத்துக்கு ஐந்து கிலோ ஒரு கணக்கே இல்லை.

அடுத்தது உறையின் வாய். துப்பாக்கி இல்லாதபோதும் அது திறந்தே நிற்க வேண்டும். தோல் உறை என்றால் வாயைச் சுற்றித் தடித்த பட்டையோ உள்ளே தகடோ வைத்துத் தைத்திருப்பார்கள். வாய் சுருங்கிவிடும் உறையில் துப்பாக்கியைத் திரும்ப வைக்க இடது கையால் விரித்துப் பிடிக்க வேண்டிவரும். அப்போது குழல் உங்கள் இடது கையையே பார்க்கும்.

மூன்றாவது, பிடிமானம். காலித் துப்பாக்கியை உறையில் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, மெத்தைக்கு மேலே பிடித்துக் குலுக்குங்கள். வாரை மாட்டாமலேயே நிற்க வேண்டும். வார் அதற்கு மேல் ஒரு காப்பு. கடைசியாக, உறையில் இருக்கும்போதே கைப்பிடியை முழுக் கையால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு விரல் மட்டும் போகிற மாதிரி ஆழமாக இறங்கிவிட்டால் வெளியே எடுத்த பிறகு கையை மாற்றிப் பிடிக்க வேண்டிவரும்.

நைலான் துணி உறைகள் மலிவு. மேலே சொன்ன எதிலும் அவை தேறுவதில்லை.

தோலா, கைடெக்ஸா?

நல்ல தோல் உறை உடம்புக்கு இதம், சத்தம் போடாது, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் நம் வெக்கைக்கு அது வியர்வையைக் குடிக்கும். குடித்த வியர்வை துப்பாக்கியின் உலோகத்தை அரிக்கும். உடம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் உயர்ந்து நிற்கும் ஒரு மடல் வைத்த உறையாகப் பாருங்கள், அது வியர்வையைக் கொஞ்சம் தடுக்கும்.

கைடெக்ஸ் என்பது சூட்டில் வளைத்து வார்க்கும் கெட்டி பிளாஸ்டிக். ஈரம் ஏறாது, குழாயில் கழுவலாம், வாய் சுருங்காது. சிறிய குறைகள் இரண்டு. தூசி புகுந்தால் துப்பாக்கியின் மேல்பூச்சைத் தேய்க்கும், செம்மண் ரோட்டில் தினமும் போகிறவர் அடிக்கடி கழுவ வேண்டும். அப்புறம், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் வளைந்துபோகலாம். இரண்டையும் வைத்துப் பார்த்தால், மோட்டாரிலும் தோட்டத்திலும் அலைகிறவருக்குக் கைடெக்ஸ், குளிர்சாதனக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோல் என்பேன்.

பெல்ட்டை மறக்காதீர்கள்

இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து உறை வாங்குவார்கள், பத்து வெள்ளி பெல்ட்டில் மாட்டுவார்கள். பெல்ட் தொய்ந்தால் உறையும் தொய்ந்து வெளிப்பக்கம் சாயும். சின்ன ரிவால்வரில் இது இன்னும் மோசம். குழல் குட்டை, கனம் முழுவதும் சிலிண்டரிலும் கைப்பிடியிலும் இருக்கிறது. சிலிண்டர் பெல்ட்டுக்கு மேலே நின்றால் தலைப்பாரம் தாங்காமல் கைப்பிடி உடம்பை விட்டு விலகிச் சட்டையைத் தூக்கும். சிலிண்டர் பெல்ட் மட்டத்தை ஒட்டி நிற்கும் உறையாகப் பாருங்கள். இரண்டு அங்குலத் துப்பாக்கிக்கு மூன்று அங்குல உறை வாங்குவதும் நல்ல யோசனை. கீழே நீளும் அந்த ஒரு அங்குலம் தொடையில் ஒட்டி நின்று கைப்பிடியை உள்ளே தள்ளும்.

பெல்ட் ஒன்றரை அங்குல அகலம், இரட்டைத் தோல் அல்லது உள்ளே தகடு வைத்தது. உறையில் பெல்ட் நுழையும் காடியும் அதே அகலத்துக்கு இருக்க வேண்டும். காடி பெரிதாக இருந்தால் உறை முன்னும் பின்னும் ஊர்ந்துகொண்டே இருக்கும். சிலுவாருக்கு (கால்சட்டைக்கு) உள்ளே செருகும் உறையா, வெளியே மாட்டுவதா என்பது மறைப்பதைப் பொறுத்தது. உள்ளே செருகுவதாக இருந்தால் சிலுவார் இடுப்பு ஒரு அளவு கூடுதலாக வேண்டும்.

எங்கே கட்டுவது?

துப்பாக்கிக்காரர்கள் இடுப்பைக் கடிகார முகமாக வைத்துப் பேசுவார்கள். தொப்புள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி, முதுகெலும்பு 6 மணி. வலக்கைக்காரரை வைத்தே சொல்கிறேன்.

3 மணி எல்லாரும் தொடங்க வேண்டிய இடம். கை தானாகப் போகும், முழங்கையால் அழுத்தி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம், குழல் தரையைப் பார்த்து நிற்கும். குறை என்னவென்றால் பக்கவாட்டில் புடைக்கும். அதைவிட முக்கியம், மோட்டாரில் வலப்பக்கம் விழுந்தால் இடுப்பெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் துப்பாக்கி மாட்டிக்கொள்ளும். அதனால் மோட்டாரில் அதிகம் போகிறவர் எலும்பைத் தாண்டிச் சதைப் பகுதிக்கு, அதாவது நான்கு மணிப் பக்கம் நகர்த்துங்கள். உறையும் கைப்பிடி சற்று முன்னால் சாய்ந்தபடி இருக்கட்டும்.

மோட்டாரில் இன்னொரு தொல்லை சட்டை. வெளியே விட்ட சட்டை காற்றில் முதுகுவரை பறக்கும், பின்னால் வருகிறவன் இடுப்பைப் பார்த்துவிடுவான். நம் ஊரில் ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வது வழக்கம், நெஞ்சில் காற்று படாமல் இருக்க. ஆயுதம் கட்டியிருக்கும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜாக்கெட்டை நேராகப் போட்டு ஜிப்பை ஏற்றினால்தான் இடுப்பு மூடியிருக்கும். வலது கை முறுக்குப் பிடியில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஓட்டும்போது துப்பாக்கியை எடுப்பது என்ற பேச்சே வேண்டாம்.

கார் ஓட்டுகிறவருக்கு நம் நாட்டில் ஒரு வசதி. அமெரிக்கக் காரில் சீட் பெல்ட்டின் கொக்கி ஓட்டுநரின் வலது இடுப்பில் வந்து விழும், துப்பாக்கியோடு முட்டும். அதனால்தான் அவர்கள் இடப்பக்கம் கட்டி வலக்கையால் எடுக்கும் குறுக்கு உறையைக் கார்க்காரர்களுக்குப் பரிந்துரைப்பார்கள். நம் காரில் கொக்கி இடது இடுப்பில். வலது இடுப்பில் கட்டியவருக்கு அந்த முட்டல் இல்லை, குறுக்கு உறை கட்டியவருக்குத்தான் முட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கழற்றியதும் பெல்ட் பட்டை வலப்பக்கமாகச் சுருண்டு போகும், போகிற வழியில் சட்டையையும் உறையின் வாரையும் தட்டிவிட்டுப் போகும். பட்டையைக் கையால் பிடித்து மெதுவாக விட்டு, இறங்கும் முன் சட்டையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். கொக்கி அவர் துப்பாக்கியின் மேலேயே விழும். இருக்கையில் உட்கார்ந்து பார்க்காமல் உறை வாங்க வேண்டாம். வலக்கை உறையைத் திருப்பி மாட்டிச் சமாளிக்கவும் வேண்டாம்.

முன்வயிற்றில், 1 மணி அளவில் கட்டுவதும் உண்டு. நன்றாக மறையும், கண் முன்னால் இருக்கும். ஆனால் உட்கார்ந்தால் குழல் தொடையையும் அதைவிட மோசமான இடத்தையும் பார்க்கும். பயிற்சி முற்றாதவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். தொப்பை இருப்பவருக்கு உட்காரவும் முடியாது.

முதுகுப் பக்கம், 6 மணியில், கட்டவே கட்டாதீர்கள். வழுக்கி மல்லாந்து விழுந்தால் இரும்பு நேராக முதுகெலும்பில் இறங்கும். கண்ணுக்கும் தெரியாது, பின்னால் நிற்பவன் கைக்கு எட்டும். குறுக்கு உறையில் கைப்பிடி எதிரே நிற்பவரைப் பார்த்து இருக்கும், கூட்டத்தில் அது அவர் பிடுங்க வாகு. கணுக்கால் உறை சேற்றுக்கும் கால்வாய்க்கும் ஆகாது. தோள் உறைக்கு மேலே கோட்டு வேண்டும், பேராக் வெயிலில் யார் போடுவது?

பாக்கெட் உறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன ரிவால்வரை வெறுமனே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சாவி, சில்லறை, பேனா எது வேண்டுமானாலும் விசையில் போய் மாட்டும். பாக்கெட்தான் என்றால் விசையை மூடும் பாக்கெட் உறை கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்தால்தான் துப்பாக்கியை எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்கும். உட்கார்ந்த நிலையில் எடுக்க வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தோள்பை, மோட்டார்க் கூடை, கார் டேஷ்போர்டு அறை, இவை எதுவும் உறை ஆகாது. பை பறிக்கிறவன் துப்பாக்கியையும் சேர்த்துக் கொண்டுபோவான், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கைலி கட்டினால் பெல்ட் இல்லை, பெல்ட் இல்லையென்றால் துப்பாக்கியும் இடுப்பில் இல்லை. கோயில் திருவிழா, கல்யாண வீடு, தண்ணி போடும் இடம் மூன்றுக்கும் ஆயுதம் தேவையே இல்லை, வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

கழிவறை

இதைப் பலர் எழுதக் கூச்சப்படுகிறார்கள். எழுதத்தான் வேண்டும், துப்பாக்கி கைவிட்டுப் போகும் இடம் இது. குத்தவைக்கும் கழிவறையில் சிலுவாரை இறக்கியதும் பெல்ட் தளரும், உறை கவிழும். பலர் துப்பாக்கியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டி மேலோ ஆணியிலோ வைத்துவிட்டு, மறந்து வெளியே வந்துவிடுவார்கள். துப்பாக்கி உறையை விட்டு வரக்கூடாது. வார் மாட்டியபடியே இருக்கட்டும். சிலுவாரை முழங்காலுக்கு மேலேயே நிறுத்தி, பெல்ட்டை அந்த இடத்தில் மறுபடி இறுக்கி மாட்டுங்கள். வெளியே வருவதற்கு முன் உள்ளேயே கையால் தொட்டுப் பாருங்கள்.

வாங்கி வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் காலித் துப்பாக்கியோடு கட்டிப் பழகுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டியபடி இருக்கட்டும். சிலிண்டரைத் திறந்து கண்ணால் பாருங்கள், பிறகு ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பாருங்கள். குனியுங்கள், குத்தவையுங்கள், மாடிப்படி ஏறுங்கள், நாற்காலியில் சாயுங்கள். எங்கே குத்துகிறது, எங்கே சட்டை மாட்டுகிறது என்பது தெரிந்துவிடும். இடத்தை முடிவு செய்த பிறகு அடிக்கடி மாற்றாதீர்கள். கை ஒரே இடத்துக்குப் போய்ப் பழக வேண்டும்.

எடுப்பதைவிட வைப்பதில்தான் ஆபத்து அதிகம். வைக்க அவசரமே கிடையாது. விரல் விசையை விட்டு விலகித் துப்பாக்கியின் உடற்பகுதியில் நேராகப் படுத்திருக்கட்டும். சட்டை நுனி, ஜாக்கெட் கயிறு எதுவும் உறை வாயில் இல்லை என்று கண்ணால் பாருங்கள். ஹேமர் வெளியே இருக்கும் ரிவால்வர் என்றால் கட்டைவிரலை ஹேமரின் மேல் அழுத்தி வைத்தபடி இறக்குங்கள். ஏதாவது விசையில் மாட்டினால் ஹேமர் பின்னால் நகரப் பார்க்கும், விரலுக்கு உடனே தெரியும், நிறுத்திவிடலாம். ஹேமர் மறைந்த வகைக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது, ஆகவே இரண்டு மடங்கு கவனம். ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்திய நிலையில் ரிவால்வரை எந்த உறையிலும் வைக்கக்கூடாது. அந்த நிலையில் விசை பாதி பலத்துக்கும் குறைவிலேயே விழுந்துவிடும்.

ராத்திரி கழற்றினால் நேராக இரும்புப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். வழியில் சாப்பாட்டு மேசை, அலமாரி மேல்தட்டு எதுவும் கிடையாது. தோட்டாவை இறக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். குழல், சிலிண்டரின் வெளிப்பக்கம், கைப்பிடிக்கு அடியில் இருக்கும் உலோகம் ஆகிய மூன்று இடத்தில்தான் வியர்வைத் துரு முதலில் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் துடையுங்கள். துப்பாக்கியைத் தோல் உறையோடு பெட்டியில் வைக்காதீர்கள், உறை தனியாகக் காற்றில் உலரட்டும். தோட்டாவைத் தோல் பட்டியிலேயே மாதக்கணக்கில் விட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிச் சிலிண்டரில் இறங்காமல் அடம்பிடிக்கும். அவற்றையும் எடுத்துத் துடைத்து வையுங்கள்.

கைடெக்ஸ் உறையின் திருகுகள் மோட்டார் அதிர்வில் தளரும். முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை திருகுளியால் இறுக்கி, காலித் துப்பாக்கியை வைத்துத் தலைகீழாகக் குலுக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் தளர்ந்தால் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, ஒரு இரவு காயவிட்டுக் கட்டுங்கள். தோல் உறை என்றால் வாயின் தையல், வாரின் பொத்தான், பெல்ட் நுழையும் காடி மூன்றையும் பாருங்கள். தையல் பிரிந்து வாய் உள்பக்கம் மடிந்து விசையைத் தொடும் அளவுக்குப் போய்விட்டால் தைத்துச் சமாளிக்காமல் அந்த உறையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.